கால்குலஸுக்கு ஆள் தேடிய வருஷம்

போன மாதம் மூன்று இளம் ஆசிரியைகள் அட்டுவம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பள்ளியில் இப்போது கணக்கு எடுக்கிறவர்கள். மேல் வகுப்புப் பாடத்தில் கால்குலஸை இன்னும் கூட்டிவிட்டார்களாம். "மிஸ், நீங்க அம்பதுகள்லயே இதை எடுத்திருக்கீங்களாமே? எப்படி மிஸ் அவ்வளவு தைரியமா எடுத்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். டீயைக் கொடுத்து, பொதுவாக நாலு வார்த்தை பேசி அனுப்பிவைத்தேன். தைரியம் என்று அவள் சொன்னது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுவது மேல் என்று தோன்றியது.

என் பெயர் வடிவு. பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் விற்கிற குடும்பம். மதுரையில் படித்தேன். இண்டர்மீடியட்டில் கணக்கு எடுத்து நல்ல மார்க் வாங்கினேன். பி.ஏ.வுக்கும் கணக்கே எடுக்க ஆசை. நான் படித்த பெண்கள் கல்லூரியில் அந்தப் பிரிவு இல்லை; ஆண்களோடு உட்கார்ந்து படிக்க வீட்டில் விடமாட்டார்கள். சரித்திரம் படித்தேன். அப்புறம் ஆசிரியர் பயிற்சி. ஐம்பதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். சரித்திரத்துக்கு அவர்களிடம் ஆள் இருந்தது. கணக்குக்கு இல்லை.

எங்கள் தலைமை ஆசிரியையை எல்லோரும் மதர் என்றுதான் கூப்பிடுவோம். அயர்லாந்துக்காரர். உயரமானவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை காலையில் அந்த வாரம் நடத்தப்போகும் பாடக் குறிப்புகளை அவர் மேசையில் வைத்துவிட வேண்டும். வகுப்பைப் பார்வையிட வருவதற்கு முன்னறிவிப்பு கிடையாது. பின்கதவு வழியாக வருவார். கையில் ஒரு கூடை. அதில் விடுதிப் பிள்ளைகளின் கிழிந்த கம்பளிக் காலுறைகள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, காலுறையின் குதிகாலுக்குள் மரத்தாலான முட்டை ஒன்றை நுழைத்து, ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டித் தைப்பார். வகுப்பு முடியும்வரை தலை நிமிராது. வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். நான் சேர்ந்த புதிதில் சொன்னது இது: "மிஸ் வடிவு, உங்கள் வலது பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கும் காது இருக்கிறது." இடது பக்கமே பார்த்துப் பேசுகிறேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது.

ஒரு வருஷத் தொடக்கத்தில் மதர் என்னை அறைக்கு அழைத்தார். எங்கள் பிள்ளைகள் எழுதியது சீமையிலிருந்து வினாத்தாள் வரும் பரீட்சை. அதில் அடிஷனல் மேத்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. கால்குலஸ் அதில் வரும். கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் நான்கு பிள்ளைகளைப் பொறுக்கி வைத்திருந்தார்.

"உங்களால் எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"எடுப்பேன், மதர்" என்றேன்.

கால்குலஸ் நான் படித்ததே இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பி.ஏ.வில் கணக்கு படிக்காதவள் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் சொல்ல முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்து முந்திய வாரமே படித்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். விதி சுலபமாகத்தான் இருந்தது. அடுக்கைக் கீழே இறக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை. எக்ஸ் ஸ்கொயர் என்றால் இரண்டு எக்ஸ். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன். புத்தகத்தின் பின்னால் இருந்த விடைகளோடு ஒத்துப்போயிற்று. எனக்கு வந்துவிட்டது என்று நம்பினேன்.

அந்த நால்வரில் இருவரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒருத்தி ஜமீலா, கடைவீதியில் மளிகையும் கம்பளியும் விற்ற காதர் பாயின் மகள், தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவள். வாயாடி. இன்னொருத்தி ஸ்டெல்லா, கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் எழுத்தராக இருந்தவரின் மகள், விடுதியில் தங்கிப் படித்தவள். ஒரு வரி புரியாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டாள். அதனால் மெதுவாகப் போகிறவள் போலத் தெரிவாள்.

மதர் பின் பெஞ்சில் காலுறை தைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், விதி எங்கிருந்து வருகிறது என்று கரும்பலகையில் எழுதினேன். எக்ஸ் ஸ்கொயரை எடுத்துக்கொள். எக்ஸோடு ஹெச் என்ற ஒரு சின்னத் தொகையைக் கூட்டு. விரித்து எழுது. பழையதைக் கழி. மீதியை ஹெச்சால் வகு. கடைசியில் ஹெச் பூஜ்யம் என்று வை. இரண்டு எக்ஸ் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஜமீலாவின் கை மேலே இருந்தது. வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். அவள் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"மிஸ், ஹெச் பூஜ்யம் என்றால் அதால் வகுத்தது தப்பில்லையா? பூஜ்யம் இல்லை என்றால், கடைசியில் அதை எப்படித் தூக்கி எறியலாம்?"

பூஜ்யத்தால் வகுக்கவே கூடாது என்று கீழ் வகுப்பிலிருந்து அதே பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தவள் நான்தான். கரும்பலகையைப் பார்த்தேன். நான் எழுதியதிலேயே அந்தத் தப்பு அப்பட்டமாக இருந்தது. அவள் கேட்கும்வரை என் கண்ணில் படவில்லை.

"அது விதி. உட்கார்ந்து எழுது" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

வகுப்பு முடிந்ததும் மதர் தாழ்வாரத்தில் நின்றார். "ஜமீலாவுக்குக் கால்குலஸ் சொல்லித்தர வெளியே நல்ல ஆசிரியர் ஒருவரைப் பாருங்கள், மிஸ் வடிவு. அவள் தகப்பனாரிடமும் நீங்களே பேசிவிடுங்கள்." கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பாடத்துக்கு ஆசிரியை நான். அதற்கு நல்ல ஆசிரியரைத் தேடும் வேலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார். முகம் எரிய, சாக்பீஸ் தூள் படிந்த கையோடு அங்கேயே நின்றிருந்தேன்.

மறுநாள் ஸ்டெல்லா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "மிஸ், நேத்து நடத்துனது எனக்கும் புரியல. முதல்ல இருந்து ஒருக்கா சொல்றீங்களா?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டாள். உள்ளே வேறு டீச்சர்கள் இருந்தார்கள். முதலிலிருந்து சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

"இது எல்லாருக்கும் வராதும்மா. உனக்குச் சாதாரணக் கணக்கே போதும்" என்றேன்.

"சரி மிஸ்" என்று போனாள். அந்த வாரக் கடைசியில் மதரிடம் கேட்டுக்கொண்டு அடிஷனல் மேத்ஸை விட்டுவிட்டாள். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. கேள்வி கேட்கும் ஒரு பிள்ளை குறைந்தது.

காதர் பாய் கடைக்குப் போனேன். "எம்புள்ள படிக்கட்டும், டீச்சரம்மா. ஆனா தனியா அனுப்ப மாட்டேன். யாருகிட்டப் போனாலும் நீங்க கூட இருக்கணும்" என்றார்.

"கூடவே இருப்பேன், பாய்."

"அப்பச் சரி. ஆமா, நீங்கதான கணக்கு டீச்சரு? நீங்களே சொல்லிக் குடுத்தா என்னங்க?"

"எனக்கு விடுதி வேலை நெறைய இருக்கு, பாய்" என்று பொய் சொன்னேன். "பாவம், ஒரு ஆளு எம்புட்டுச் சோலிதான் பாப்பீங்க" என்று ஒரு கை பேரீச்சம்பழத்தை அள்ளித் தாளில் பொதிந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

முதலில் போனது, ஏரிக்கு மேலே பங்களா கட்டிக் குடியிருந்த ஓய்வுபெற்ற என்ஜினீயரிடம். உற்சாகமானவர். ஜமீலா தன் கேள்வியைக் கேட்டாள். "ஹெச் ரொம்பச் சின்னது பாப்பா. சாம்பார்ல ஒரு உப்புக்கல்லு கொறஞ்சா யாருக்குத் தெரியும்? விட்டுத் தள்ளு" என்றார்.

"சின்னதுதான், சார். ஆனா பூஜ்யமா?" என்று அவள் விடவில்லை.

"இந்தா பாரு, நான் கட்டுன பாலத்துல இன்னைக்கும் லாரி போகுது. ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே நின்னா ஆத்தைத் தாண்ட முடியுமா?"

திரும்பி வரும்போது ஜமீலா, "பாலம் நிக்குது, சரி. இது சரியான்னுதான மிஸ் நான் கேட்டேன்?" என்றாள். நான் வழியைப் பார்த்து நடந்தேன்.

அடுத்து, ஆண்கள் பள்ளி ஒன்றின் கணக்கு மாஸ்டர். காதர் பாய் வீட்டு முன்னறைக்கே வந்தார். கணக்கில் நல்ல தேர்ச்சி உள்ளவர் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துப் பழக்கமில்லை. சுவரைப் பார்த்தே பேசினார். இரண்டு கிரேக்க எழுத்துக்களைத் தாளில் எழுதி, இது இதைவிடக் குறைவாக இருக்குமாறு அது அதைவிடக் குறைவாக இருந்தால் என்று வேகமாகச் சொல்லி முடித்து, "புரியுதா?" என்று சுவரிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அவர் போனதும் ஜமீலா, "உங்களுக்குப் புரிஞ்சுதா மிஸ்?" என்றாள்.

"ம்."

"எனக்குச் சொல்லுங்களேன்."

நான் குனிந்து அந்தத் தாளையே பார்த்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு வேற ஆளு பார்ப்போம் மிஸ்" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. வகுப்பில் அதன் பிறகு அவள் கை தூக்கவே இல்லை. என்னைக் காப்பாற்றுகிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கோடை சீசன் முடிந்து கூட்டம் மலையிறங்கிய பிறகு காதர் பாயே ஒரு தகவல் சொன்னார். பள்ளங்கி போகும் ரோட்டில் வனத்துறைக் குடியிருப்பில் புதிதாக ஒரு ரேஞ்சர் வந்திருக்கிறார். அவர் சம்சாரம் மெட்ராஸில் கணக்கு ஆனர்ஸ் படித்தவர். இப்போது வீட்டோடு இருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் ஜமீலாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

சுபத்ரா என்று பெயர். என்னைவிடப் பல வயது சின்னவர். கர்ப்பிணி. காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, பேரிக்காயை அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். எங்கள் முன்னாலும் தட்டை நகர்த்தினார். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"நல்ல கேள்வி. நான் படிக்கிறப்ப இதைக் கேக்க எனக்குத் தோணவே இல்ல. சரி, எழுத்தெல்லாம் வேண்டாம், எக்ஸ் ஸ்கொயருக்கே நம்பர் போடு. எக்ஸ் மூணு. ஹெச் ஒண்ணுன்னு வச்சா என்ன வருது?"

ஜமீலா போட்டாள். "ஏழு."

"ஹெச் பத்துல ஒரு பங்கு?"

"ஆறு புள்ளி ஒண்ணு."

"நூத்துல ஒரு பங்கு?"

"ஆறு புள்ளி சைபர் ஒண்ணு."

"எங்கயாச்சும் பூஜ்யத்தால வகுத்தியா?"

"இல்ல."

"எதைப் பாத்துப் போயிட்டிருக்கு?"

"ஆறு."

"ஆறைத் தொடுமா?"

ஜமீலா யோசித்தாள். "தொடாது. ஆனா எவ்வளவு கிட்ட வேணும்னாலும் கொண்டு போகலாம்."

"அவ்வளவுதான். தொடணும்னு யாரும் கேக்கல. எதை நெருங்குதுன்னுதான் கேக்கறாங்க. அந்த ஆறுதான் உன் ரெண்டு எக்ஸ். ஹெச்சை நாம பூஜ்யம் ஆக்கவே இல்ல. எழுதுறவங்க அவசரத்துல அப்படி எழுதிடறாங்க."

ஓரத்து நாற்காலியில் இருந்த நான், கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து மடியில் வைத்து அந்த எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த மாஸ்டர் சுவரைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான் என்று அந்த நிமிஷம் விளங்கியது.

"டீச்சர், நீங்களும் மேசைக்கு வாங்க" என்றார் சுபத்ரா.

"இல்லங்க. நான் துணைக்கு வந்தவ."

"துணைக்கு வந்தவங்க கழுத்தை நீட்டி எட்டிப் பாக்க மாட்டாங்க. வாங்க, எக்ஸ் கியூபுக்கு நீங்க போடுங்க. பாப்பாவும் தனியாப் போடட்டும்."

ஜமீலா தலையைக் குனிந்துகொண்டு தன் நாற்காலியை ஒதுக்கி இடம் விட்டாள். நான் உட்கார்ந்து போட்டேன். நடுவில் ஒரு கூட்டலைத் தவறவிட்டேன். ஜமீலாவுடையது சரியாக இருந்தது. என் தாளில் பென்சிலால் சுழித்துக் காட்டி, "இங்க விட்டுட்டீங்க, பரவாயில்ல" என்றார் சுபத்ரா. அவர் கேலி எதுவும் செய்யவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக நான் திருத்திய பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அப்படித் திருத்தப்பட்டபோது, எழுந்து பள்ளங்கி ரோட்டில் ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனேன். மழைக்காலம் முழுக்கப் போனோம். திரும்பும் வழியில் ஜமீலா குடையைச் சாய்த்து எனக்கும் பிடித்துக்கொண்டு, அன்றைய கணக்கையே பேசிக்கொண்டு வருவாள். அவள் தோழிகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. என் வகுப்பில் இன்னும் இருவர் அந்த விதியை மனப்பாடமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. திரும்ப முதலிலிருந்து நடத்தினால், முன்பு நடத்தியது என்ன என்ற கேள்வி வரும். இரண்டு திங்கட்கிழமை பாடக் குறிப்பை எழுதிக் கிழித்தேன். மூன்றாம் தடவை 'முதல் பக்கத்திலிருந்து மறுபடியும்' என்று எழுதி மதர் மேசையில் வைத்துவிட்டேன். அன்றே கூடையோடு வந்து பின்னால் உட்கார்ந்தார்.

மூன்று, ஒன்று, பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று எழுதத் தொடங்கியதும் அந்த இருவரில் ஒருத்தி, டாக்டர் ஒருவரின் மகள், எழுந்தாள். "மிஸ், முன்பு இது விதி, எழுது என்று சொன்னீர்களே?"

"சொன்னேன். ஏன் அப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போதுதான் ஒருவரிடம் படித்துக்கொண்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மதர் நிமிர்ந்தாரா என்று பார்க்கத் துணிவில்லை. கரும்பலகையைப் பார்த்தே மணி அடிக்கும்வரை நடத்தினேன்.

தாழ்வாரத்தில் நானே முந்திக்கொண்டேன். "அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா, மதர்?"

"எனக்குக் கால்குலஸ் தெரியாது, மிஸ் வடிவு" என்றார். "ஆனால் ஒரு குழந்தையைக் கண்டு ஆசிரியர் பயந்தால் குரல் எப்படி மாறும் என்பது தெரியும்." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஸ்டெல்லா உங்கள் வகுப்பு நேரத்தில் தையல் அறையில் இருக்கிறாள்."

மறுநாள் தையல் அறைக்குப் போனேன். ஜன்னல் ஓரத்தில் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா, நீ திரும்ப வகுப்புக்கு வரணும். மறுபடி முதல்ல இருந்து எடுக்கிறேன்."

"வேண்டாம் மிஸ். எனக்கு அது வராது."

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. எனக்கே அது தெரியாம இருந்துச்சு. நீ கேட்டப்ப பதில் தெரியாமத்தான் அப்படிச் சொல்லிட்டேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, என்மேல் இரக்கப்படுவது போலப் பார்த்தாள். "என்னைச் சமாதானப்படுத்தத்தான மிஸ் சொல்றீங்க? உங்களுக்குத் தெரியாம இருக்குமா? நான் வருத்தப்படல மிஸ். அப்பாவுக்கும் எழுதிட்டேன், எனக்கு அம்புட்டு மூளை இல்லன்னு."

சுபத்ரா பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்கு முந்திய சனிக்கிழமை, மதரிடம் சொல்லி ஸ்டெல்லாவையும் கூட்டிப் போனேன். சுபத்ரா அவளுக்கும் எண்களிலிருந்தே தொடங்கினார். அவள் வழக்கம்போல் மெதுவாக, ஒரு வரி முடிந்தால்தான் அடுத்தது என்று போட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. "இந்தப் பொண்ணுக்கு என்ன குறைன்னு நிறுத்துனீங்க?" என்று சுபத்ரா என்னிடம் கேட்டார். அவள் முன்னாலேயே கேட்டார். நான் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

இனி வருவாள் என்று நினைத்தேன். திரும்பும் வழியில், "அந்த அம்மா எனக்காகச் சுலபமானதாக் குடுத்தாங்க, இல்ல மிஸ்?" என்றாள். இல்லை, ஜமீலாவுக்குக் கொடுத்ததேதான் என்று நானும் சொன்னேன், ஜமீலாவும் சொன்னாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை தையல் அறைக்கே போனாள்.

சுபத்ரா போன பிறகு மீதிப் பாடத்தை நானும் ஜமீலாவும் மற்ற இருவரும் முட்டி மோதி முடித்தோம். மூவரும் தேறினார்கள். ஜமீலா நல்ல மார்க் வாங்கி, கல்லூரியிலும் கணக்கே படித்தாள். பின்னாளில் கல்லூரி ஆசிரியையானாள். ஸ்டெல்லா பள்ளி முடித்துத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் படித்துத் திண்டுக்கல்லில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அறுபதுகளில் ஒரு லீவு முடிந்து பழனியிலிருந்து திரும்பும்போது, வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் ஒரு பெண் "மிஸ்!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள். ஸ்டெல்லா. சதை போட்டிருந்தாள். கூட வந்தவர் கணவர். தோட்டத்தில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம்.

"என் கணக்கு மிஸ்" என்று அவரிடம் சொன்னாள். "மிஸ் எனக்காக எம்புட்டோ பாடுபட்டாங்க. வெளிய டியூஷனுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனாங்க. நான்தான் மக்கு. மிஸ் என்ன செய்வாங்க?" சந்தோஷமாகச் சிரித்தாள்.

"மக்கு இல்லங்க" என்றேன் அவரிடம். "நல்லாப் படிக்கிற பொண்ணு. எனக்குத்தான் அப்பப் பாடம் தெரியாது. கேள்வி கேட்டுச்சு. பதில் தெரியாம, உனக்கு வராதுன்னு சொல்லி நான்தான் அனுப்பிட்டேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா ஸ்டெல்லா, எவ்வளவு தன்மையாப் பேசுறாங்க. இந்த மாதிரி டீச்சரெல்லாம் இப்ப எங்கங்க கெடைக்கிறாங்க?"

"நான் சொன்னேன்ல, அவங்க அப்படித்தான்" என்றாள் ஸ்டெல்லா.

இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொடைக்கானல் பஸ் வந்து நின்றுவிட்டது. கூட்டம் முண்டியது. ஸ்டெல்லாவின் கணவர் ஓடிப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டு எனக்கு இடம் பிடித்தார். "வெரசா ஏறுங்க டீச்சர், வேற யாரும் உக்காந்துரப் போறாங்க" என்று வழி விலக்கி ஏற்றிவிட்டார். நான் துண்டை மடித்து ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தேன். பலர் நின்றுகொண்டு வந்த அந்த பஸ்ஸில், அவர் பிடித்துக் கொடுத்த இடத்தில் மலை ஏறும்வரை உட்கார்ந்தே வந்தேன்.